வெள்ளிக்கிழமை மெயில் ஏன் சிங்கப்பூர் வழியாகப் போகிறது

நான் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் உங்களில் ஒருவர் போன் செய்துவிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன். நீங்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

"சாரே, மெயில் செட்டிங்ல ஏழு வரி கிடக்குது. தினம் ஒன்றரை மணி நேரத்துக்கு, வெளியே போற மெயிலை எல்லாம் சிங்கப்பூர் வழியா திருப்பி விடுது. ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு நேரம். எதுக்குன்னு ஒரு குறிப்பும் இல்லை. எடுத்துக் களையட்டா?"

தொடாதே என்றேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்கிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். குறிப்பு எழுதாமல் விட்டது என் தப்புதான். ஆனால் அந்த ஏழு வரிக்கு என்ன குறிப்பு எழுதியிருக்க முடியும் என்று, முழுவதையும் படித்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

அப்போது நம் அலுவலகம் பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வேலை இப்போது செய்வதேதான்: வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, எழுத்தாக்கி, மெயிலில் திருப்பி அனுப்புவது. முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். இப்போது மாதத்துக்கு ஒருமுறை வந்து, எல்லா மின்விசிறியையும் அணைத்துவிட்டுப் போகிறாரே, அவரேதான். நான் கரமனை அக்ரஹாரத்து ஆள் என்பதால் என்னைச் சாமி என்பார். அலுவலகத்துக்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஆள் நான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சாமி, இன்டர்நெட் போனாலும் சாமி.

அந்த அலுவலகத்தில் ஒரு வினோதம் உண்டு. டீ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்துக்கு வரும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, கூடவே வடை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு. புதன்கிழமை டீ கிடையாது, பன்னிரண்டு மணிக்கே சாப்பாட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். வியாழக்கிழமை ஒன்றரைக்கு மீட்டிங், அது மூன்று மணி வரை நீளும், அதில் ஒன்றும் பேச மாட்டோம். டீக்கடைக்காரருக்கு ஒழுங்கில்லை என்று நான் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

பெருந்தொற்றுக்குப் பிறகு மூன்று பேர் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். இரண்டு பேருக்குச் சாயங்கால வேலை. பகலில் வீட்டிலிருந்து வேலை செய்தவள் காயத்ரி ஒருத்திதான். ஆமாம், இன்று உங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கும் அதே காயத்ரிதான். அப்போது அவளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. கணவர் வளைகுடாவில். வலியசாலையில் கோயில் தெருவில் வீடு. நோயாளிகளின் விவரம் என்பதால் வாடிக்கையாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: விபிஎன் இணைப்பில் இருந்துகொண்டுதான் கோப்பை அனுப்ப வேண்டும். வீட்டுக் கணினிக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு தனிப்பாதை, அவ்வளவுதான் விபிஎன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி தாண்டி அவள் போன் வந்தது.

"சார், மெயில் வரதெல்லாம் வரது. போகத்தான் மாட்டேங்கறது. அவுட்பாக்ஸ்லயே உக்காந்துண்டிருக்கு."

"விபிஎன்னை அணைச்சுட்டு, ஒரு வெறும் மெயில் அனுப்பிப் பாரு."

"அது போறது சார்."

"பின்னே என்ன, விபிஎன்தான் பிரச்சினை. நீ ஒண்ணும் தொடாதே. நான் சொல்றதை மட்டும் செய்."

விபிஎன்னை அழித்து மறுபடி நிறுவ வைத்தேன். பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். குழந்தை நடுவில் இரண்டு முறை அழுதது. நாலரைக்கு, "சார், போயிடுத்து" என்றாள். அன்றைக்கு நான் காலரைத் தூக்கிவிடாத குறையாக பஸ் ஏறினேன்.

புதன்கிழமை பன்னிரண்டேகாலுக்கு மறுபடி போன். இந்த முறை மெயில் போகும் போர்ட் எண்ணை மாற்றினேன். விபிஎன் நிறுவனத்தாரின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அங்கே ஒரு பையன், தகவல் பொட்டலத்தின் அளவைக் குறைக்கச் சொன்னான். குறைத்தோம், போகவில்லை. இன்னும் குறைத்தோம். ஒன்றரை மணிக்கு மெயில் சட்டென்று போனது. அந்தப் பையனும் நானும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

வியாழக்கிழமை ஒன்றே முக்காலுக்கு அவள் குரலில் தெம்பே இல்லை.

"சார், மூணு நாளா கோப்பு லேட்டா போறது. இன்னிக்கு கிளையண்ட் கடுதாசி போட்டிருக்கா. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள கோப்பு வரல்லைன்னா, வீட்லேர்ந்து வேலை செய்யறதை இனி ஏத்துக்க மாட்டாளாம். கொழந்தையை விட்டுட்டு நான் ஆபீசுக்கு எப்படி சார் வருவேன்?"

வேலை போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மீட்டிங்கை விட்டுவிட்டு ஓடினேன். அண்ணாச்சி மீட்டிங்கிலிருந்து ஒருவரை எழுந்துபோக விட்டது அதுதான் முதல் தடவை. வலியசாலை வீட்டில் கூடத்து மூலையில் ஒரு மேசை, பக்கத்தில் புடவைத் தொட்டில், சுவரில் தினசரிக் காலண்டர். மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். மோடம் வயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்பியில்லா இணைப்பை விட்டுவிட்டுக் கம்பி வழியாகக் கொடுத்தேன். மோடத்தை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அவள் ஒவ்வொரு முறையும் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, கிழித்து வைத்திருந்த அன்றைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்னவோ குறித்துக்கொண்டாள். கடைச் சாமான் பட்டியல் எழுதுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு மெயில் போனது.

"பாத்தியா, வயர்தான்" என்றேன். அவள் கொடுத்த காப்பியை, யுத்தம் ஜெயித்தவன் மாதிரி நிதானமாகக் குடித்தேன்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். மற்றதெல்லாம் அசட்டுத்தனம், இது தப்பு. அலுவலகம் திரும்பியதும் அண்ணாச்சி எழுத்தில் ஒரு ரிப்போர்ட் கேட்டார், வாடிக்கையாளருக்குக் காட்ட. மூன்று நாளில் மூன்று விதமாகச் சரிசெய்திருக்கிறேன், இரண்டு முறை அது திரும்ப வந்திருக்கிறது. எனக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டு சொல் என் கைக்கு வரவில்லை. 'விபிஎன் சேவையிலோ அலுவலக அமைப்பிலோ குறை காணப்படவில்லை. சம்பந்தப்பட்ட ஊழியரின் வீட்டு இணைப்பிலும் கையாளுதலிலும் போதிய கவனம் தேவை' என்று எழுதினேன். வழுவழுப்பான வாக்கியம். யாரும் பொய் என்று சொல்ல முடியாது. மேசைக்கு அடியில் புகுந்து பார்த்தவன் எழுதியது என்பதால் எல்லோரும் நம்பவும் நம்புவார்கள். அவளுக்கும் ஒரு பிரதி போட்டு, நாலு மணிக்கு அனுப்பினேன். உடனே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் காயத்ரியிடமிருந்து ஆறு படங்கள். ஒரு வார்த்தை எழுதவில்லை. முதல் மூன்று படமும் காலண்டர் தாளின் பின்பக்கம். 'செவ்வாய்: 2.50 போச்சு. 3.05 போகலை. 4.20 போகலை. 4.31 போச்சு.' 'புதன்: 11.55 போச்சு. 12.10 போகலை. 1.30 போச்சு.' வியாழனும் இப்படியே, ஒன்றரைக்கு நின்று மூன்றுக்குப் போனது. அடுத்த மூன்று படமும் அதே தாள்களின் முன்பக்கம். தேதி, திதி, நட்சத்திரம். அதற்கும் கீழே, நீங்களும் நானும் தினம் பார்க்கும் ஒரு கட்டம். ராகுகாலம் 3 - 4½. ராகுகாலம் 12 - 1½. ராகுகாலம் 1½ - 3.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் வியர்த்தது. செவ்வாய்க்கிழமை வடை, புதன்கிழமை சாப்பாடு, வியாழக்கிழமை மீட்டிங் எல்லாம் வரிசையாக வந்து கண் முன்னால் நின்றன. நான் எதையும் சரிசெய்யவே இல்லை. ராகுகாலம் முடிந்தது, மெயில் போனது. நடுவில் நான் மேசைக்கு அடியில் தவழ்ந்தேன், அவ்வளவுதான்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு. அவள் கோப்பு பதினோரு மணிக்குள் போக வேண்டும். நேரம் பத்தே கால். பஸ் கிழக்கேகோட்டையில் திணறி நின்றது. வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்த கூட்டம் சாலை வரை நின்றது. இறங்கி ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து ஒரு பூக்காரி வழிவிட்டாள்.

மெயில் வெளியே போகும் கணினி அண்ணாச்சி அறையில் ஒரு அலமாரிக்குள் இருந்தது, சாமி படங்களுக்கு நேர் கீழே. வீட்டிலிருந்து விபிஎன்னில் வரும் மெயிலும் அதற்குள் புகுந்துதான் வெளியேறும். என் நாற்காலியிலிருந்து பதினைந்து அடி. மூன்று நாளும் நான் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. கதவைத் தள்ளினேன். அண்ணாச்சி அலமாரி முன்னால் குனிந்திருந்தார். கையில் நீல நிற ஒயர், பிடுங்கியாயிற்று.

என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் தின்று மாட்டிக்கொண்டவர் போல ஒயரைப் பின்னால் மறைத்தார்.

"என்னவே சாமி, இரைக்க இரைக்க ஓடி வாறீரு?"

"அண்ணாச்சி, இதை எத்தனை நாளா பிடுங்கறேள்?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெளிய சொல்லாதீரும். ஆளுவளை டீக்கு அனுப்பியாச்சுன்னா எவனும் மெயில் அனுப்ப மாட்டான்னு இருந்தேன். போன மாசம் ஒருத்தன் டீயைக் குடிச்சுக்கிட்டே ஒரு பெரிய எடத்துக்கு மெயிலைத் தட்டிட்டான், சரியா ராகுகாலத்துல. போன வாரம் அந்த எடம் கைவிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் எனக்கு நம்பிக்கை இல்லவே. இந்தச் செவ்வாய்க்கிழமையிலேர்ந்து ஒயரைப் புடுங்கிட்டிருக்கேன், அதுல நிம்மதி. ஒன்றரை மணி நேரம் கழிச்சு நானே மாட்டிருவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"காயத்ரி மெயிலும் இது வழியாத்தான் போறது அண்ணாச்சி."

"அது எப்படிவே? அந்தப் பிள்ளை வீட்டுலல்லா இரிக்கி? அது விபிஎன்னு, வேற வழின்னு நீருதானே சொன்னீரு?"

சொல்லியிருந்தேன். தனிப்பாதை என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பாதை எங்கே வந்து முடிகிறது என்று சொல்லவில்லை. அவர் ஒயரைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை, நான் பாதையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. நடுவில் ஒரு பெண்ணின் வேலை தொங்கியது.

காலண்டர் படங்களைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆறையும் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அப்போ நாந்தான் அந்தப் பிள்ளை பொழப்புல மண்ணைப் போட்டேனா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து அண்ணாச்சி. இப்போ ஒயரை மாட்டுங்கோ. மணி பத்து முப்பத்தஞ்சு."

மாட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை, மனுஷனுக்கு நிஜமாகவே கை வரவில்லை. "இந்த நேரத்துல அனுப்பி, கோப்பு போய்ச் சேந்து, அதனாலயே அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். அவர் பயந்தது அவருக்காக இல்லை, அவளுக்காக. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் ராகுகாலமெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் செய்திருந்தால், மணி பதினொன்று ஆகியிருக்கும், இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருப்போம். எனக்கு வேண்டியது வாதத்தில் ஜெயிப்பது இல்லை, ஒரு மெயில் போவது.

மூன்று நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த விபிஎன்தான் அப்போது கைகொடுத்தது. நாம் வாடகைக்கு எடுத்திருந்த சேவையில் வெளியேறும் வாசல்கள் பல ஊர்களில் உண்டு. இந்த அலமாரிக் கணினியைத் தொடாமலே, சிங்கப்பூர் வாசல் வழியாக மெயிலை நேரே வெளியே விடலாம்.

"அண்ணாச்சி, மெயில் இங்கேர்ந்து கிளம்பாம சிங்கப்பூர்லேர்ந்து கிளம்பினா?"

"சிங்கப்பூரா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்க இப்போ மணி என்ன?"

"நம்மளை விட ரெண்டரை மணி நேரம் கூட. ஒண்ணே கால் ஆகப்போறது."

"அங்க ராகுகாலம் முடிஞ்சிட்டா?"

எனக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சி போனை எடுத்தார். சிங்கப்பூரில் அவர் சித்தப்பா மகன் இருந்தார், அங்கே ஒரு கோயில் கமிட்டியில். ஸ்பீக்கரில் போட்டார்.

"எலே, அங்க இன்னைக்கு ராகுகாலம் எப்போ?"

"என்ன அண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. நேரத்தைச் சொல்லுடே."

"இங்க சூரியன் உதிக்கதே ஏழு மணிக்குல்லா. கோயில் காலண்டர்ல பதினொன்றரையிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் போட்டிருக்கு. இப்பத்தான் முடிஞ்சுது. ஏண்ணே, கல்யாணம் ஏதும்..."

அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். "செய்யும்வே" என்றார்.

நான் ஐந்து நிமிடத்தில் வாசலை மாற்றினேன்.  காயத்ரியைக் கூப்பிட்டேன். "இப்போ அனுப்பு." அந்தப் பக்கம் தொட்டில் கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் பக்கம் அண்ணாச்சி சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் இன்னும் அந்த ஒயர்.

"போச்சு சார். பத்து அம்பத்திரெண்டு."

பதினொன்றுக்கு வாடிக்கையாளரிடமிருந்து 'கிடைத்தது, நன்றி' என்று பதில் வந்தது. அண்ணாச்சி அதை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

பிறகு எனக்கே ஒரு ஆச்சரியம். அன்று மதியம் மற்ற நாட்களுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தக் கிழமையானாலும், இங்கே ராகுகாலம் தொடங்கும்போது சிங்கப்பூரில் அது முடிந்திருக்கும். ஏழு நாளுக்கு ஏழு வரி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகமே கிடையாதே என்றேன், இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி. அதற்குப் பிறகு அவர் ஒயரைத் தொடவில்லை. டீயும் தினம் நாலு மணிக்கு வர ஆரம்பித்தது. வடை மட்டும் செவ்வாய்க்கிழமையோடு நின்றுபோனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதனால், நீங்கள் ஒன்றைத் தொட்ட பிறகு ஒரு கோளாறு சரியானால், உடனே காப்பி குடிக்க உட்காராதீர்கள். நீங்கள் தொடாமல் இருந்திருந்தாலும் அது சரியாகியிருக்குமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மூன்று நாளும் மணியைப் பார்த்து எழுதி வைத்தது அவள். எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் நிபுணன்.

பாக்கி ஒன்று இருந்தது. கோப்பு போன கையோடு அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"நேத்து ஒரு ரிப்போர்ட் எழுதினீருல்லா?"

"எழுதினேன்."

"அந்தப் பிள்ளை மேல பழியைப் போட்டு."

"ஆமாம்."

"மாத்தி எழுதும். இப்போவே."

எழுதினேன். இந்த முறை வழுவழுப்பு வரவில்லை. 'ஊழியர் மீது எந்தத் தவறும் இல்லை. கோளாறு அலுவலக அமைப்பில் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. முந்தைய ரிப்போர்ட் தவறானது, அதற்கு நானே பொறுப்பு. காயத்ரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' எல்லோருக்கும் பிரதி. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். என் மேசைக் கணினிக்கு சிங்கப்பூர் வாசல் இன்னும் போடவில்லை, அதனால் மெயில் அவுட்பாக்ஸில் உட்கார்ந்துகொண்டது. ராகுகாலம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தானே போய்விடும் என்றேன், கொஞ்சம் நிம்மதியாகவே.

அண்ணாச்சி எழுந்தார். அலமாரிக்குப் போனார். அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்த நீல ஒயரை, அவர் கையாலேயே மாட்டினார்.

"இது நம்ம ரெண்டு பேரு தப்புல்லா சாமி. இதுக்கு எதுக்குவே நல்ல நேரம்?"

நான் ஓய்வு பெற்ற அன்று காயத்ரி ஒரு கவரைக் கொடுத்தாள். வீட்டில் வந்து பிரித்தேன். அந்த வெள்ளிக்கிழமையின் காலண்டர் தாள். பின்பக்கம் அவள் கையெழுத்தில் இரண்டு வரி.

'10.52 கோப்பு போச்சு.

11.14 சார் மெயில் வந்தது.'